கோழிக்காலில் தொடங்குங்கள்: அழிந்துபோன ஒரு பறவையை எலும்பை வைத்து இனம் காண்பது எப்படி

கண்ணங்குறிச்சியில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒரு அலுமினியக் குண்டான் இருக்கிறது. அதில் சமையல் கிடையாது, எலும்பு மட்டும்தான் வேகும். சேலத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்தேன். தவளை, புறா, முயல், கோழி என்று எத்தனையோ எலும்புக்கூடுகளைக் கம்பியில் கோர்த்து நிறுத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை விடவில்லை.

போன வருடம் முதுகலை விலங்கியல் படிக்கும் தங்கை மகள் ஒரு கட்டுப் படங்களோடு வந்தாள். "பெரியம்மா, இது அர்ஜென்டினாவுல கிடைச்ச பறவை. பறக்காது, வேட்டையாடும், ஆனா சின்னது. வெறும் எலும்பைப் பார்த்து இது இன்ன குடும்பம்னு எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். தொல்லுயிர் எலும்பே கையில் இல்லாவிட்டாலும் இதைப் பழகலாம்.

அவள் கொண்டுவந்தது சைலோப்டெரஸ் என்ற பறவை. 'மொட்டைச் சிறகு' என்று பொருள். 'பயங்கரப் பறவைகள்' என்று சொல்கிறார்களே, அந்த ஃபோரஸ்ராசிடே குடும்பத்தின் சின்ன உருப்படி. அந்தக் குடும்பத்தில் கெலென்கென் என்ற பறவைக்கு மண்டையோடு மட்டுமே 71 சென்டிமீட்டர். சைலோப்டெரஸ் பாக்மன்னி என்ற சிறிய இனமோ சுமார் 5 கிலோ எடை, நல்ல வான்கோழிச் சேவலைவிடக் குறைவு. தென் அர்ஜென்டினாவில், படகோனியாவின் சாண்டா குருஸ் பாறைகளில் கிடைத்தது, ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ஆண்டுக்கு முந்தையது.

முதல் நாளே அவளிடம் சொன்னேன்: "சின்னது, பறக்காது, வேட்டையாடும், இந்த மூணையும் ஒரு தாளில் எழுதி ஓரமாக வை." மூன்றும் அந்தப் பறவை எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்கின்றன. யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்வதில்லை. பறக்காத பறவை உலகில் எத்தனையோ தடவை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. நெருப்புக்கோழி, பென்குயின், மொரீஷியஸின் டோடோ மூன்றும் பறக்காது. ஆனால் டோடோ புறாவின் சொந்தம். சொந்தத்தைத் தேட வேண்டிய இடம் மூட்டு. எலும்பும் எலும்பும் சேரும் இடம், நரம்பு (சதையை எலும்போடு கட்டும் தசைநாண்) ஓடும் பள்ளம், நுனியின் உருளை. அங்கேதான் பரம்பரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் பறவைத் தொல்லெச்சம் தேடி அலைய வேண்டாம். ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டுப்பட்டுத் தெரியும் அந்தக் கருநீலப் பாறை சார்னோக்கைட். சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறியது. பறவை என்ற பேச்சு தொடங்கியே 15 கோடி ஆண்டுதான் ஆகிறது. இங்கிருந்து தொல்லெச்சம் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். அங்கும் பெரும்பாலும் பழைய கடல் உயிர்கள்தான். எதையாவது கண்டால் பெயர்த்து எடுக்காமல், இருக்கும் இடத்தையும் பாறை அடுக்கையும் படமெடுத்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். அடுக்கு தெரியாத எலும்புக்கு வயசும் தெரியாது.

சரி, பழகுவதற்கு மூன்று கால் வேண்டும்: ஒரு பிராய்லர், முட்டை போட்டு ஓய்ந்த ஒரு நாட்டுக்கோழி, ஒரு ஈமு. முதல் இரண்டும் எந்தக் கறிக்கடையிலும் கிடைக்கும். கடைக்காரரிடம் முழுக்காலாக, வெட்டாமல் கேளுங்கள். ஈமு எனக்குக் கிடைத்த கதை வேறு. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஈரோட்டுப் பக்கம் தோட்டத்தில் ஈமு வளர்க்கிறேன் என்று பணத்தைப் போட்டார். 2012இல் அந்தத் தொழிலே படுத்தபோது தீவனத்துக்கு வழியில்லாமல் போனது. செத்துப்போன ஒன்றை வேலியோரம் புதைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து நான் போய்த் தோண்டி எடுத்தேன். அந்தப் பறவைகள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. அதன் கால் எலும்பைக் காகிதம்கூட உரசாமல் பஞ்சில் வைத்திருக்கிறேன். ஈமு கிடைக்காதவர்கள் அருங்காட்சியகங்கள் வெளியிட்டுள்ள படங்களை உண்மை அளவில் அச்சடித்துக்கொள்ளலாம். படத்தில் இருக்கும் அளவுக்கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் தாளிலும் 5 இருக்க வேண்டும். அச்சுக்கடையில் 'தாளுக்குப் பொருத்து' என்று கொடுத்துவிட்டால் அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

மயில், ஆந்தை, பருந்து எலும்பெல்லாம் ஆசையாகத்தான் இருக்கும். தானாகச் செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்குவீர்கள்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. மஞ்சள், உப்பு, எண்ணெய் எதுவும் போடாமல் இளஞ்சூட்டில் வேகவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கி மஞ்சளாகிவிடும். சதை கழன்றதும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் ஒரு வாரம், தண்ணீரைத் தினம் மாற்றி. அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. எலும்பைப் பொடியாக்கும், நாம் பார்க்க வேண்டிய நுணுக்கமெல்லாம் அதோடு போய்விடும்.

காய்ந்தவுடன் எலும்பின் மேலேயே இந்தியன் இங்கில் எண் எழுதுங்கள். ஒரு தடவை ஆய்வகத்தில் வெள்ளையடித்தபோது பெட்டிகளை மாற்றி அடுக்கி, மேலே ஒட்டியிருந்த சீட்டெல்லாம் உதிர்ந்துபோயின. நாற்பது எலும்புகளுக்குப் பெயர் போய்விட்டது. அதில் பாதியை நான் திரும்ப அடையாளம் காண ஒரு வருடம் ஆனது. மீதி இன்றும் அநாதை.

இப்போது மேசைக்கு வாருங்கள். இரண்டு எலும்பு போதும். ஒன்று நாம் லெக் பீஸ் என்று கடிக்கிறோமே அது, பெயர் டிபியோடார்சஸ். அதற்குக் கீழே செதில் தோல் போர்த்திய கால், டார்சோமெட்டாடார்சஸ். இந்தக் கீழ்க்கால் எலும்பைக் கையில் எடுத்தாலே பறவை என்று சொல்லிவிடலாம். பாதத்தின் மூன்று எலும்புகள் ஒன்றாக உருகி ஒரே தண்டாகி, கீழே மூன்று விரலுக்கு மூன்று உருளையாகப் பிரியும். பறவை எலும்பில் உறுதியானதும் இதுதான், பாறையில் தப்பிப் பிழைப்பதும் பெரும்பாலும் இதுதான். ஃப்ளோரிடாவில் ஒரு ஆற்றில் கிடைத்த இந்த எலும்பின் கீழ் நுனியை முக்கிய ஆதாரமாக வைத்துத்தான் டைட்டானிஸ் வாலெரி என்ற பெரிய பயங்கரப் பறவைக்கு 1963இல் பெயர் வைத்தார்கள்.

பெயருக்கு முன்னால் வயசைக் கேளுங்கள். பலரும் தாண்டிப்போகும் இடம் இது, இங்கே தவறினால் பின்னால் எல்லாம் தவறும். பிராய்லரையும் நாட்டுக்கோழியையும் பக்கத்தில் வையுங்கள். பிராய்லர் கால் தடிமன், நாட்டுக்கோழிக்கால் ஒல்லி. தடித்ததுதான் பெரிய ஆள் என்று கண் சொல்லும். ஆனால் அந்தப் பிராய்லருக்கு 40 நாள்தான் வயசு, அது குஞ்சு. விரல் நகத்தால் அதன் எலும்பு நுனியைத் தள்ளிப் பாருங்கள், தொப்பி மாதிரி கழன்று வரும். கணுக்கால் எலும்பு தண்டோடு இன்னும் சேரவில்லை. மேற்பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பொரபொரவென்று சின்னச் சின்னத் துளைகள் தெரியும். நாட்டுக்கோழி எலும்பு வழவழவென்று, நுனி ஒட்டிய இடமே தெரியாமல் இருக்கும். ஆக, 'சின்ன இனம்' என்று எழுதும் முன் அது பெரிய இனத்தின் குஞ்சா என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நுனி ஒட்டியிருக்கிறதா, மேற்பரப்பு வழவழப்பா என்று பாருங்கள். ஆய்வகங்களில் எலும்பை மெல்லியதாக அறுத்து, வெளி விளிம்பில் வளர்ச்சி நின்ற நெருக்கமான கோடுகள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த சோதனை. நாட்டுக்கோழியின் லெக் பீஸ் எலும்பைக் கீழ் நுனி மேலே இருக்கும்படி பிடித்து, முன்பக்கம் பாருங்கள். அந்த நுனியிலுள்ள இரண்டு குமிழுக்கும் சற்றுக் கீழே ஒரு பள்ளம், அதன் குறுக்கே சாய்வாக ஒரு மெல்லிய எலும்புப் பட்டை. நகத்தைவிடக் குறுகலானது. ஒரு தையல் ஊசியில் சிவப்பு நூலைக் கோர்த்து அந்தப் பட்டைக்கு அடியில் விடுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். அது ஒரு பாலம். விரல்களை விரிக்கும் நரம்பு, கால் எவ்வளவு மடங்கினாலும் எலும்பை விட்டு விலகாமல் இருக்க, அதற்கு அடியில் ஓடுகிறது. தங்கை மகள் நூலின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். "அப்போ நரம்பு இப்படித்தான் வழுக்கிட்டுப் போகுமா?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. எனக்கும் முதன்முதலாகப் பார்த்த அன்று அப்படித்தான் இருந்தது.

இப்போது ஈமுவின் எலும்பில் அதே ஊசி. பள்ளம் இருக்கிறது, எலும்புப் பாலம் இல்லை. நூல் நிற்க இடமில்லாமல் விழுந்துவிடும். நெருப்புக்கோழியிலும் அப்படித்தான். பயங்கரப் பறவைகளின் படத்தில் பாருங்கள், பாலம் இருக்கிறது. ஓடும் கால், பறக்காத உடம்பு என்று வெளியே ஈமு மாதிரி தெரிந்தாலும் மூட்டு வேறு கதை சொல்கிறது.

உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பிராய்லர் எலும்பிலும் ஊசியை வைத்துப் பாருங்கள். இளம் பறவையில் அந்தப் பாலம் முதலில் நாராகத்தான் இருக்கும், அப்புறம்தான் எலும்பாகும். வேகவைத்தால் நார் கரைந்து, ஈமு மாதிரி வெறும் பள்ளம் நிற்கும். வயசை முதலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ஆந்தைகளுக்கும் அங்கே பாலம் கிடையாது. ஈமுவின் சொந்தமான, நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த மோவா என்ற பறவைக்கோ பாலம் உண்டு. ஒரே ஒரு அடையாளத்தை நம்பி ஒரு குடும்பத்தில் யாரையும் சேர்க்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது.

கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியில், பின்பக்கம் ஒரு புடைப்பு இருக்கும். ஹைப்போடார்சஸ் என்பார்கள். விரலை மடக்கும் நரம்புகள் இதன் வழியாக இறங்குகின்றன. கறிக்கடையில் வெட்டிய கோழிக்காலில் வெள்ளை நரம்பை இழுத்து விரலை மடக்கி விளையாடியிருப்பீர்களே, அந்த நரம்புகள்தான். கோழியில் இந்தப் புடைப்பில் கால்வாயும் வரப்புமாக இருக்கும். பயங்கரப் பறவைகளிலும் தென் அமெரிக்காவில் இன்று வாழும் சேரியமாவிலும் அது கால்வாய் குடையாத ஒரே கட்டை மாதிரி இருக்கும். இது நல்ல தடயம்.

சேரியமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கால், கருங்கால் என்று இரண்டே இனம். நீண்ட காலில் புல்வெளியில் நடந்து பாம்பு, பல்லி, எலி பிடிக்கும். பிடித்ததை அலகில் கவ்வித் தரையில் ஓங்கி அடித்துக் கொல்லும். கொஞ்ச தூரம் பறக்கவும் செய்யும். இரண்டாம் விரலின் நகம் மட்டும் அரிவாள் மாதிரி வளைந்து தூக்கியிருக்கும். நம் ஊர் செம்போத்தும் வேலியோரம் நடந்து ஓணான் பிடிக்கும், பறக்கவும் சோம்பல்படும். அதனால் இரண்டும் சொந்தமா? செம்போத்து குயில் குடும்பம். நடை ஒன்று என்பதால் வீடு ஒன்றாகிவிடாது. பயங்கரப் பறவைகள் சேரியமாவின் நெருங்கிய சொந்தம் என்பதை 1899இலேயே ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வாளர் எலும்புகளை ஒப்பிட்டுச் சொல்லிவிட்டார். சேரியமாவைக் கொக்கு வகையறாவில் வைத்திருந்தார்கள். 2008இல் டி.என்.ஏ. பார்த்தபோது அவை வல்லூறு, கிளி, குருவிகள் இருக்கும் கிளைக்குப் போயின.

ஓரமாக வைத்த தாளை இப்போது எடுக்கலாம். பறக்குமா என்று கேட்டால் மார்பெலும்பைப் பாருங்கள். கோழி மார்பின் நடுவே கத்தி மாதிரி நிற்பதுதான் பறக்கும் சதை ஒட்டும் இடம். அது மழுங்கி, இறக்கை எலும்பு காலோடு ஒப்பிட மிகச் சிறுத்திருந்தால் பறக்கவில்லை என்று சொல்லலாம். தோளைத் தாங்கும் கொரகாய்டு எலும்பும் பயங்கரப் பறவைகளில் ஒடுங்கியிருக்கும்.

வேட்டையாடியதா என்பதற்கு அலகின் அளவு போதாது. கேஸ்டோர்னிஸ் என்ற ராட்சசப் பறவையை அதன் பெரிய அலகைப் பார்த்தே வெகுகாலம் வேட்டைப் பறவை என்றார்கள். எலும்பிலுள்ள கால்சியத்தை ஆராய்ந்த பிறகு அது தழை தின்றது என்று தெரிகிறது. நுனி கொக்கியா, பக்கவாட்டில் ஒடுக்கமா, நகம் தட்டையா கூரா என்று சேர்த்துப் பாருங்கள். ஆண்டால்கலோர்னிஸ் என்ற பயங்கரப் பறவையின் மண்டையோட்டைக் கணினியில் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். அலகு மேலிருந்து கீழே கொத்தும் வேகத்தைத் தாங்குகிறது, பக்கவாட்டில் உலுக்கினால் உடைந்துவிடும். கோடாலி மாதிரி கொத்தியிருக்கும் என்கிறார்கள். சைலோப்டெரஸின் அலகு பெரியவற்றின் அளவுக்கு உயரமில்லை, சேரியமாவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கிறது.

இனி அட்டவணை. ஒரு நோட்டில் குறுக்கே பறவைகள், நெடுக்கே அடையாளங்கள். அடையாளம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. எலும்பே கிடைக்காவிட்டால் கேள்விக்குறி. 'இல்லை' வேறு, 'கிடைக்கவில்லை' வேறு. தங்கை மகள் முதல் நாள் மார்பெலும்பு கிடைக்காத ஒரு பறவைக்கு, கத்தி இல்லை என்று 0 போட்டுவிட்டாள். இல்லாத எலும்பிலிருந்து ஒரு பறவையைப் பறக்காததாக்கிவிட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி மறுபடி எழுத வைத்தேன்.

அட்டவணையில் எத்தனை 1 ஒத்துப்போகிறது என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள். கோழிக்கும் சைலோப்டெரஸுக்கும் பாலம் பொது. ஆனால் அது பெரும்பாலான பறவைகளுக்கும் பொது. இரண்டு கை இருக்கிறது என்பதற்காக இருவரை அண்ணன் தம்பி என்போமா? அந்த வீட்டில் மட்டும் புதிதாகத் தோன்றி, அந்த வீட்டுக்காரர்களிடம் மட்டும் இருப்பதுதான் கணக்கு. அதனால்தான் ஈமு, கோழி மாதிரி வெளியாட்களையும் அட்டவணையில் சேர்க்கிறோம். எது பழசு, எது புதுசு என்று அவர்கள் காட்டிக்கொடுப்பார்கள். அடையாளங்கள் நூற்றுக்கணக்கில் போனால் டி.என்.டி. என்ற இலவச மென்பொருள் கிளைகளைப் போட்டுத் தரும். தவறான அட்டவணைக்கு அது தவறான கிளையைத்தான் தரும்.

குடும்பம் வரை வந்தபின் பேரினம், இனம். 2003இல் அல்வரெங்கா, ஹாஃப்லிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் குடும்பத்தைத் திருத்தி எழுதி 5 துணைக்குடும்பங்களாகப் பிரித்தார்கள். சைலோப்டெரஸ் அதில் ஒன்றுக்குத் தலைப்புப் பெயர். இங்கே நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவி வேண்டும். கீழ்க்கால் எலும்பின் நீளம், தண்டின் நடு அகலம், மூன்று உருளைகளின் அகலம், மேல் எலும்போடு நீள விகிதம். வலதா இடதா என்று எழுதுங்கள். மூன்று தடவை அளந்து மூன்றையும் எழுதுங்கள்.

புது இனம் என்று சொல்ல ஆசை வரும்போது ஒரு சேவல் காலை எடுத்துப் பாருங்கள். எலும்பில் முள் புடைத்திருக்கும், பெட்டைக்கு அது பொதுவாக இருக்காது. தெரியாதவர் இரண்டு இனம் என்பார். இது கற்பனை இல்லை, நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் பெரிய மோவாவில் தனித்தனி இனம் என்று வைத்திருந்தவை ஒரே இனத்தின் பெட்டையும் சேவலும் என்று 2003இல் டி.என்.ஏ. காட்டியது. பெட்டைதான் சேவலைவிட மிகப் பெரியது. பயங்கரப் பறவைகளிலும் பெயர்க் குழப்பம் நிறைய. அமெகினோ என்ற அர்ஜென்டின ஆய்வாளர் 1887இல் ஒரு தாடைத் துண்டைப் பார்த்து, பல்லில்லாத பாலூட்டி என்று நினைத்து ஃபோரஸ்ராகோஸ் என்று பெயரிட்டார். 1891இல் மொரேனோவும் மெர்செராவும் ஒரு பக்கம், அமெகினோ மறுபக்கம், போட்டி போட்டுக்கொண்டு அதே பறவைகளுக்கு வேறு வேறு பெயர்கள் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து, முதலில் வைத்த பெயர் எது என்று தேடி, மற்றதை ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு பெயர் என்றால் அதற்கு ஒரு மூல மாதிரி எலும்பு எங்கோ ஓர் அருங்காட்சியக அலமாரியில் இருக்கும். உங்கள் எலும்பை ஒப்பிட வேண்டியது அதனோடு, மற்றவர் வரைந்த படத்தோடு மட்டும் நின்றுவிடக் கூடாது.

கடைசியில் சீட்டு எழுதும்போது எலும்பு எவ்வளவு தூரம் சொல்கிறதோ அவ்வளவு தூரம்தான் போக வேண்டும். குடும்பம் மட்டும் உறுதி என்றால் குடும்பம் மட்டும். பேரினம் தெரிந்து இனம் தெரியாவிட்டால் பேரினத்துக்குப் பின் 'இனம் தெரியவில்லை'. தங்கை மகளுக்குத் தேர்வு மாதிரி, பெயர் மறைத்து ஒரு கீழ்க்கால் எலும்புப் படத்தைக் கொடுத்தேன். மேல் நுனி உடைந்த படம். அரை நாள் உட்கார்ந்து அளந்தாள். ஹைப்போடார்சஸ் இல்லை என்பதைக் கண்டுகொண்டு அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி போட்டாள். பிறகு இங்கைத் தொட்டு அட்டையில் எழுதினாள்: 'ஃபோரஸ்ராசிடே. பேரினம் உறுதியில்லை. இடது கால். வளர்ந்த பறவை.'

படத்தின் பின்னால் நான் பென்சிலில் எழுதியிருந்த பெயர் சைலோப்டெரஸ். "அப்போ நான் தப்பா பெரியம்மா?" என்றாள். அந்த அட்டையை அப்படியே பெட்டியில் ஒட்டச் சொன்னேன்.